போக்குவரத்துப் பேரிடர்த் திட்டமிடல் வேலைக்கு மாற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டனில் சிக்னல் நேர அமைப்பு செய்யும் போக்குவரத்துப் பொறியாளராக எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பேரிடர்க் காலப் போக்குவரத்துத் திட்டமிடலுக்கு மாற வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

காரணம் 2005 செப்டம்பர். ரீட்டா புயலுக்குப் பயந்து இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் ஒரே நேரத்தில் கிளம்பியதில் சாலைகள் நெரிசலில் ஸ்தம்பித்துப்போயின. வழியிலேயே பெட்ரோல் தீர்ந்தது, வெயிலில் உயிர்கள் போயின. முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த பேருந்து டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். எந்தப் பகுதி முதலில் கிளம்ப வேண்டும், எதிர்த்திசைப் பாதைகளையும் வெளியேறுவோருக்கு எப்போது திறக்க வேண்டும், கார் இல்லாதவர்களை யார் ஏற்றுவது என்று முன்கூட்டியே யோசிக்கிற வேலையில்தான் நான் இருக்க வேண்டும்.

அமெரிக்க மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 என்ற அடிப்படை இலவச இணையப் பாடங்களை முடித்துவிட்டேன். கையில் கிரீன் கார்டுதான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உட்பட மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே என்பதால், சரி, மாவட்டம், நகரம், பேருந்து நிர்வாகம் என்று தேடலாமா?

அப்புறம், சிஇஎம் (பேரிடர் மேலாளர்) சான்றிதழுக்குப் பேரிடர் மேலாண்மை அனுபவம் கேட்கிறார்கள். சிக்னல் வேலை அதில் சேருமா? முதுகலை படித்தால் பலன் உண்டா? ஹூஸ்டன் டிரான்ஸ்டார் போன்ற போக்குவரத்து, பேரிடர் மேலாண்மை மையத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், புயல் நேர ஷிப்ட் எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.