கிடார் பாடிக்கு மெட்டாலிக் நீலம்: வெள்ளி திட்டுத்திட்டாக நிற்கிறது, என்ன செய்யலாம்?

ஆறுகம்பி

ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவ கிடார், கறுப்பு, பாலியஸ்டர் ஃபினிஷ். பாடி பாஸ்வுட். கழுத்து நாலு ஸ்க்ரூவில் நிற்கிற வகை, பிரிட்ஜ் ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ (ஸ்பிரிங்கில் அசைகிற வகை). இதை லேக் பிளாசிட் புளூ போன்ற மெட்டாலிக் நீலத்துக்கு மாற்ற வேண்டும். மொட்டை மாடியில் ஷீட் போட்ட இடம் இருக்கிறது. 24 லிட்டர் கம்ப்ரஸரும் சின்ன டச்சப் ஸ்ப்ரே கன்னும் கையில் உண்டு. ஊர் சென்னை, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்தால் நல்லது.

பழைய பெயின்டை மரம் தெரியும்வரை எடுக்க வேண்டுமா? ரிமூவர் தடவினால் அசையவே இல்லை. தகரத் துண்டில் அடித்துப் பார்த்ததில் வெள்ளித்துகள் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் இருண்டும் நிற்கிறது. பெயின்ட் கோளாறா, அடிக்கிற விதத்தில் கோளாறா? மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியர் 1கே (ஹார்ட்னர் கலக்காதது) போதுமா, 2கே (ஹார்ட்னர் கலப்பது) அடித்தே ஆகணுமா? எல்லாம் சேர்த்து எவ்வளவு வாங்கணும்?

---

தண்ணிபேப்பர்

மரம் வரைக்கும் போகாதீங்க. பாலியஸ்டர் ஒரு தடவை இறுகிட்டா கரையாது, அதனாலதான் ரிமூவர் வேலை செய்யலை. ஹீட் கன் வச்சா உரியும், ஆனா பாஸ்வுட் ரொம்ப மெத்து. ஸ்கிரேப்பர் முனை பட்டாலே பள்ளம் விழும், சூடு கூடினா கருகும், ரெண்டு மூணு துண்டு ஒட்டின பாடியா இருந்தா ஒட்டு இளகிக் கோடு தெரியும். அந்தப் பாலியஸ்டர் அசையாத அடித்தளம். அதை எடுத்துட்டு அதே வேலைக்கு மறுபடி சீலர் அடிக்கிறது வீண் செலவு.

முதல்ல எல்லாத்தையும் கழட்டுங்க. ட்ரெமோலோ ஸ்பிரிங் மாட்டுற கொக்கித் தகட்டுல ஒரு எர்த் வயர் ஈயம் வச்சிருப்பாங்க, அதை இழுத்து அறுக்காம சால்டரிங் அயர்ன் வச்சு விடுவிக்கணும். அடுத்தது துடைக்கிறது. பேப்பர் (உப்புத்தாள்) போடுறதுக்கு முன்னாடியே துடைங்க. கிடார் பாலிஷ்ல பல நேரம் சிலிக்கோன் இருக்கும். துடைக்காம தேய்ச்சா அது கீறலுக்குள்ள இறங்கி உக்காந்துக்கும், பின்னாடி பெயின்ட் அங்கங்க விலகி மீன் கண்ணு மாதிரி குழி விழும். பெயின்ட் கடையில வேக்ஸ் கிரீஸ் ரிமூவர் கேளுங்க. ஈரத்துணியால தடவி, காயறதுக்குள்ள இன்னொரு உலர்ந்த துணியால எடுக்கணும். ஒரே துணியால ரெண்டையும் செஞ்சா அழுக்கு இடம்தான் மாறும்.

அப்புறம் 320 பேப்பர், ரப்பர் பிளாக்ல சுத்தி, பளபளப்பு ஒரு புள்ளி கூட இல்லாம மங்குற வரைக்கும். பளபளன்னு மிஞ்சுற இடம் பள்ளம்னு அர்த்தம். ஆழமான அடிக்கு ரெண்டு பாகம் கலக்கிற கார் பட்டி போடுங்க. டியூப்ல வர என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி ஊசிமுனை ஓட்டைக்கு மட்டும்தான், கனமா போட்டா மாசக்கணக்கா சுருங்கிக்கிட்டே இருக்கும். பளபளன்னு பாலிஷ் போட்டப்புறம் அந்த இடம் குழியா காட்டிக் கொடுக்கும்.

சாம்பல் நிற பி.யு. (பாலியூரித்தேன்) பிரைமர் ரெண்டு கோட் போதும். காய்ஞ்சதும் 400, கடைசியா 600. மெட்டாலிக் எதையும் மறைக்காது. 320 கீறல் அடியில இருந்தா துகள் அந்தக் கீறல்ல வரிசையா படுத்துக்கும், வெயில்ல பார்த்தா கோடு கோடா தெரியும்.

இன்னொண்ணு: பிரிட்ஜ் ஸ்க்ரூ ஓட்டை, ஸ்ட்ராப் பட்டன் ஓட்டை இதுக்குள்ள மரம் வெறுமையா இருக்கு. தண்ணி போட்டுத் தேய்க்கும்போது உள்ள இறங்கினா மரம் ஊதி, ஓட்டையைச் சுத்திப் பெயின்ட் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். பிரைமரை உலர்வாவே தேய்ங்க. கிளியர்ல தண்ணி தேவைப்படும்போது பல்குத்தி குச்சியை இறுக்கமா சொருகி அடைச்சுக்கலாம். மெழுகு வச்சு அடைக்கக் கூடாது, அதுவும் மீன் கண்ணுதான்.

கழுத்து உக்கார்ற பள்ளத்துக்குள்ள சொட்டுப் பெயின்ட் போகக் கூடாது. அங்க கனம் ஏறினா கழுத்து இறுகி, மாட்டும்போது ஓரம் பிளக்கும். டேப் ஒட்டிட்டு, அதே நாலு ஸ்க்ரூ ஓட்டையில ரெண்டடி ரீப்பர் கட்டையை முடுக்குங்க. பிடிக்கவும் அதுதான், தொங்கவிடவும் அதுதான்.

---

கன்பிடி

திட்டு விழுவதற்குக் காரணம் பெயின்ட் அல்ல, அளவுக்கு மீறிய ஈரம். நிறம் தரும் பேஸ் கோட்டில் இருப்பது அலுமினியச் செதில்கள். படலம் மெல்லியதாக இருந்து சீக்கிரம் காய்ந்தால் எல்லாச் செதில்களும் தட்டையாக, ஒரே கோணத்தில் படுக்கும். ஈரமாக அடித்தால் அவை மிதந்து நகர்ந்து, சில செங்குத்தாக நின்றுவிடும். படுத்த செதில் ஒளியைத் திருப்பும், நின்ற செதில் விழுங்கும். நீங்கள் பார்க்கும் வெளிறலும் இருட்டும் அவ்வளவுதான்.

டச்சப் கன்னில் 0.8 முதல் 1 மி.மீ. நாசில் போதும். பிடியை அழுத்திய நிலையில் 25 பிஎஸ்ஐ அளவில் வையுங்கள். கன்னுக்கும் பரப்புக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் நகர வேண்டும். வளைத்தால் நடுவில் கனமும் ஓரத்தில் தூசியும் விழும். கன்னை பாடிக்கு வெளியே திறந்து, வெளியே மூடுங்கள்.

வரிசை: முதலில் பக்கவாட்டு விளிம்புகள், கொம்புகளின் உள்வளைவு, பிறகு பின்முகம், கடைசியில் முன்முகம். உள்வளைவில் காற்று திரும்பி அடிப்பதால் பெயின்ட் காய்ந்த தூளாக உட்காரும். அங்கே அழுத்தத்தைக் குறைத்து, இரண்டு பக்கக் கோணத்திலிருந்தும் மெல்லிசாக வாருங்கள். விளிம்புக்கு நேர் எதிரே நின்று அடிக்காமல் முன்முகத்திலிருந்து சிதறியதையே நம்பினால் விளிம்பு எப்போதும் ஒரு சாயல் இருண்டு தெரியும்.

மூன்று மெல்லிய கோட். ஒவ்வொன்றும் மினுமினுப்பு போய் முழுதாக மங்கிய பிறகே அடுத்தது, அதாவது 10 முதல் 15 நிமிடம். மூன்றாவது மங்கியதும் ஒரு தூவல் கோட்: தூரத்தை 30 செ.மீ.க்கு மேல் கொண்டுபோய், அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, வீச்சுகள் முக்கால் பாகம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி, ஒரு தடவை நெடுக்காகவும் ஒரு தடவை குறுக்காகவும். திட்டைச் சமன் செய்வது இந்த ஒரு கோட்தான். செதில் கனமானது, அடியில் தங்கும். ஆகவே கோப்பையில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கலக்கி வடிகட்டுங்கள். கோட்டுக்குக் கோட் நடுவிலும் கன்னை ஒரு சுழற்று சுழற்றுங்கள். ஸ்ப்ரே கேன் வாங்குபவர்கள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக இரண்டு நிமிடம் குலுக்கவேண்டும்.

முக்கியமான விஷயம், மெட்டாலிக் பேஸைத் தேய்க்கக் கூடாது. பேப்பர் பட்டால் செதிலின் மேல்தோல் அறுந்து அந்த இடம் சாம்பல் தழும்பாகிவிடும், கிளியர் அதை மறைக்காது. தூசி விழுந்தால் 1000 பேப்பரால் அந்த மருவை மட்டும் நீக்கி, அந்த முகம் முழுவதற்கும் மீண்டும் ஒரு மெல்லிய கோட்டும் தூவலும் கொடுங்கள். அந்த இடத்தில் மட்டும் டச்சப் செய்தால் காசு வைத்தது போல் வட்டம் தெரியும். மேடு பள்ளம் எதுவானாலும் பிரைமரில் தீர்க்க வேண்டும், அல்லது கிளியரில் தீர்க்க வேண்டும், நடுவில் வழியில்லை.

அளவு: ஸ்ட்ராட் பாடி இருமுகமும் விளிம்பும் சேர்ந்து ஏறக்குறைய கால் சதுர மீட்டர். பிரைமர் கால் லிட்டர். பேஸ் கால் லிட்டர்; தின்னர், பெயின்ட் டப்பாவில் சொன்ன விகிதப்படி. தகரத்தில் பழகவும் மீதி இருக்கும். ஒரே தடவையில் வாங்குங்கள், மறுமுறை கலந்தால் சாயல் அப்படியே அமையும் என்று சொல்ல முடியாது.

---

ஆறுகம்பி

தெளிவாப் புரிஞ்சுது, நன்றி அண்ணா. கிளியர் விஷயம் மட்டும் பாக்கி. லேக் பிளாசிட் புளூ பழைய கிடார்களில் பச்சையடித்துத் தெரிகிறதே, அது கலரா, கிளியரா? மாஸ்க் போட்டுக்கொண்டு மாடியில் 2கே அடிக்கலாமா?

---

கன்பிடி

பச்சை வருவது கிளியரால். அந்த நிறம் 1958 காடிலாக் காருக்கு வந்தது; ஃபெண்டர் கிடாருக்கு எடுத்தது டூபான்ட் நிறுவனத்தின் லூசைட் அக்ரிலிக் லேக்கரை. மேலே அடித்த நைட்ரோசெல்லுலோஸ் கிளியர் வயதாக ஆக மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சைதானே. தேய்ந்தோ கவர் மூடியோ இருந்த இடத்தில் மட்டும் அசல் நீலம் நிற்கும். உங்களுக்கு நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமென்றால் அக்ரிலிக் அல்லது யுரேதேன் கிளியர்.

---

அடுக்குமாடி

2கே பத்தி நான் கொஞ்சம் கறாராவே சொல்றேன். அதோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. கேட்ரிஜ் மாஸ்க் போட்டா சாதா தின்னர் வாசம் உள்ளே வந்ததும் கேட்ரிஜ் தீர்ந்துடுச்சுன்னு தெரியும். ஐசோசயனேட்டுக்கு அந்த எச்சரிக்கை வாசம் கிடையாது. தெரியாமலே மூச்சுல போயிட்டே இருக்கும். ஒரு தடவை நுரையீரல் ஒவ்வாமை பிடிச்சா அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். ஒர்க்ஷாப்ல வெளிக்காற்றைக் குழாய் வழியா மூஞ்சிக்குக் கொடுக்கிற முகமூடி போடறது இதுக்காகத்தான். மொட்டை மாடியில நீங்க மாஸ்க் போட்டாலும் பக்கத்து மாடியில துணி காயப்போடறவங்க போட்டிருக்க மாட்டாங்க. பிரைமருக்கும் இதே கதைதான். தண்ணிபேப்பர் சொன்ன பி.யு. பிரைமர்லயும் ஹார்ட்னர் இருக்கு, அதுக்குப் பதிலா அக்ரிலிக் பிரைமர் வாங்கிக்கங்க.

கிளியரை மட்டும் கார் பெயின்ட் பூத் வச்சிருக்கிறவர்கிட்ட கொடுக்கலாம், நல்ல யோசனைதான். ஆனா பேஸ் அடிச்ச மறுநாள் வரைக்கும்தான் நேரம். பொதுவா 24 மணி நேரத்துக்குள்ள கிளியர் ஏறணும், அதுக்கு மேல போனா பேஸைச் சொரசொரப்பாக்காம பிடிக்காது. மெட்டாலிக்கைத் தேய்க்கவும் முடியாது, மாட்டிக்குவீங்க. அதனால முன்னாடியே பேசி வச்சுட்டு, காலைல பேஸ் அடிச்சு சாயங்காலம் கொண்டு போங்க. ரீப்பர் கட்டையோட அப்படியே அட்டைப் பெட்டியில தொங்கவிட்டு எடுத்துட்டுப் போகலாம், முகத்துல கை படாது. பெயின்ட் எந்த வகைன்னு கடைக்காரர்கிட்ட கேட்டு அவர்கிட்டயும் சொல்லிடுங்க.

வீட்டிலேயே முடிக்கணும்னா 1கே அக்ரிலிக் லேக்கர் கிளியர். அரை லிட்டர் எடுத்து, மெல்லிசா ஆறிலிருந்து எட்டு கோட். ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேண்டாம், இடையில ஒரு மணி நேரம். முதல் ரெண்டு கோட் தூசி மாதிரி உலர்வா விழணும். ஆர்வத்துல முதல் கோட்டையே ஈரமா ஊத்தினா தின்னர் பேஸை மறுபடி இளக்கி, அழகா படுத்திருந்த செதிலெல்லாம் எழுந்து நீந்த ஆரம்பிச்சிடும். தூவல் கோட்ல சமன் செஞ்ச திட்டு திரும்ப வந்து நிக்கும்.

வெயில்ல காய வைக்காதீங்க. மேல் தோல் முதல்ல இறுகிடும், அடியில இருக்கிற தின்னர் வெளிய வர வழியில்லாம கொப்பளிக்கும். நிழல், காற்றோட்டம், பொறுமை. மூணு வாரமாவது தொங்கணும். மூக்கை வச்சுப் பார்த்தா தின்னர் வாசம் சுத்தமா இருக்கக் கூடாது. முன்னாடியே பாலிஷ் பண்ணினா அன்னிக்கு கண்ணாடி மாதிரி இருக்கும், அடுத்த மாசம் படலம் உள்வாங்கி தேய்ச்ச கோடெல்லாம் மேல தெரியும்.

---

தண்ணிபேப்பர்

பிரைமர் விஷயத்துல அடுக்குமாடி சொல்றது சரி, அக்ரிலிக்கே எடுங்க. மழையைப் பத்தி யாரும் சொல்லலை. ஈரப்பதம் 80, 85 சதவீதம்னு போற நாள்ல லேக்கர் அடிக்கவே கூடாது. தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுமேல படிஞ்சு வெள்ளையா பூக்கும். கிளியர்ல வந்தா ரிடார்டர் (காயறதை மெதுவாக்குறது) கலந்த தின்னரை லேசா தூவினா பெரும்பாலும் தெளியும். மெட்டாலிக்ல வந்து அதை மூடிட்டீங்கன்னா வெள்ளி செத்துப்போய் சாம்பலாத்தான் இருக்கும். கம்ப்ரஸர் தொட்டியில சேர்ற தண்ணியை அடிக்கிறதுக்கு முன்னாடி வடிச்சுடுங்க, கன் பக்கத்துல தண்ணியைப் பிடிக்கிற ஒரு வாட்டர் டிராப் மாட்டுங்க. காலைல பனி விலகி, மத்தியான கடல்காத்து வர்றதுக்குள்ள அடிக்கிறது நல்லது.

காய்ஞ்ச கிளியரைத் தேய்க்கும்போது 1000, 1500, 2000, ஒரு வாளி தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். விளிம்பு வளைவுல பிளாக் போகவே கூடாது, கிளியர் ரொம்ப மெல்லிசா நிக்கிற இடம் அதுதான். தண்ணி நீலமா மாறினா உடனே நிறுத்துங்க, பேஸை எட்டிட்டீங்க. அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், அதுக்கப்புறம் பாலிஷ்.

---

ஆறுகம்பி

கடைசியா ஒண்ணு. அலுமினியத் துகள் இருக்கிற பெயின்ட் உள்பள்ளத்தில் படிந்தால் பிக்கப் வயர் ஷார்ட் ஆகுமா? இல்லை, அதுவே ஷீல்டிங் (இரைச்சல் தடுப்பு) ஆகிடுமா?

---

கன்பிடி

இரண்டும் ஆகாது. ஒவ்வொரு செதிலையும் பிசின் சுற்றிக்கொண்டிருக்கும்; ஒன்றோடொன்று தொட்டு மின்சாரம் கடத்தாது. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஓபன் என்றே காட்டும். ஷீல்டிங் வேண்டுமென்றால் காப்பர் டேப் ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் சின்னதாக ஈயம் வைத்து, எர்த்தோடு இணைக்க வேண்டும்.

மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையின் வாயிலும் கவுன்டர்சிங்க் பிட்டைக் கையால் இரண்டு திருகு திருகி, அங்கே ஏறியிருக்கும் பெயின்டை நீக்கிவிடுங்கள். நீக்காமல் முடுக்கினால் ஸ்க்ரூ மரை பெயின்டை மேலே தூக்கி ஓரம் சிதறும். மெழுகு தடவ வேண்டிய நேரம் இதுதான், ஸ்க்ரூ மரையில் மட்டும். பிக்கார்டை (முன்முகத்தை மூடும் தகடு) உடனே இறுக்கிவிடாதீர்கள். லேக்கர் பாடியானால் இன்னும் இரண்டு வாரம் தளர்வாகவே இருக்கட்டும். ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் நிறுத்தினால் லேக்கர் அதோடு ஒட்டித் தழும்பு விழும், பருத்தித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.