கிளி எடுத்துக் கொடுத்த எதிர்காலம்: பள்ளியின் கடைசி நாள் அனுபவங்கள்

குகைக்காரன்:

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா நடக்கும் மாதம் இது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு 1998 நினைவுக்கு வந்துவிடும். அதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

சேலம் டவுனில் பையன்கள் மட்டும் படித்த பள்ளி. எங்கள் வகுப்பில் 43 பேர். அப்போதெல்லாம் பிரிவு உபசாரம் என்றால் ஒரு குரூப் போட்டோ, தலைமையாசிரியர் உரை, ஆளுக்கு ஒரு கேக்கும் மிக்சர் பொட்டலமும். அப்புறம் ஆட்டோகிராப் நோட்டைச் சுற்றுக்கு விடுவோம். அதில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே நாலு வரியைத்தான் எழுதுவோம். பெயரை மறைத்துவிட்டால் யார் யாருக்கு எழுதியது என்றே தெரியாது.

இந்தத் தடவை வேறு மாதிரி செய்யலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் உட்காரும் கிளி ஜோசியரைத் தினமும் பார்த்துவிட்டு வருபவன் அவன். அந்த ராகம் அவனுக்கு அப்படியே வரும். மேடையில் அவன் ஜோசியர், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கிளி, வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. 43 சீட்டையும் நாங்கள் நாலு பேர் எழுத வேண்டும். உட்காரும்போதே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: நிறம், உடம்பு, மார்க் மூன்றையும் தொடக் கூடாது. வீட்டுக்குப் போய் ஒருத்தன் அழுகிற மாதிரி ஒரு சீட்டும் இருக்கக் கூடாது.

முதல் இரண்டு நாளில் முப்பது சீட்டு மளமளவென்று முடிந்தது. தினமும் இரண்டாவது மணி அடித்த பிறகு வருபவனுக்கு, "இந்த ஜாதகர் ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் ஆவார். இவர் வந்து சேர்ந்த பிறகுதான் ரயில் கிளம்பும்." அடுத்தவன் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் காலி செய்பவனுக்கு, "உருக்காலையில் தட்டு செய்துகொண்டே இருப்பார்கள், இவர் காலி செய்துகொண்டே இருப்பார்." பெஞ்சுக்கு அடியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவல் வைத்தது) வாங்கி வைத்து விற்றவனுக்கு, "நிலாவில் முதல் தட்டுவடைக் கடை போடுவார். பீட்ரூட் துருவல் மிதந்து போகாமல் பிடிக்க நாலு ஆள் வைப்பார்."

அதற்கப்புறம் கை ஓடவில்லை. ஆறு பேரைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரே அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறோம். கேலி செய்யக்கூட ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அவனை நாங்கள் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? அது எங்கள் நாலு பேருக்கும் உறுத்தியது. சரி என்று ஒரு வாரம் அந்த ஆறு பேரையும் கவனித்தோம். பக்கத்தில் போய் உட்கார்ந்தோம், சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம்.

அதில் ஒருத்தன் மூன்றாவது பெஞ்சு ஓரம். பேசவே மாட்டான். அவன் வலது கைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் சின்னச் சின்னப் புள்ளியாகத் தீக்காயம் இருப்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். கேட்டேன். வீட்டில் கொலுசுப் பட்டறை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எட்டு மணி வரை கொலுசுக் கண்ணிகளை நெருப்பில் காய்ச்சிப் பத்த வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகிறானாம். பரீட்சை முடிந்தால் முழு நேரமும் பட்டறைதான், காலேஜ் இல்லை என்று சாதாரணமாகச் சொன்னான்.

விழா அன்று கிளிக்குப் பச்சைத் தாவணி சுற்றி, சிவப்புச் சார்ட் அட்டையில் மூக்கு ஒட்டினோம். நெல்லுக்குப் பதிலாக ஒரு சீட்டுக்கு ஒரு கடலை மிட்டாய் என்று பேச்சு. இருபதாவது சீட்டிலேயே கிளிக்கு வயிறு நிறைந்துவிட்டது. "அண்ணா, போதும்ணா" என்று மைக்கில் கேட்கும்படி சொல்லிவிட்டது. அரங்கமே அதிர்ந்தது. மிச்ச மிட்டாயைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தோம்.

மூன்றாவது பெஞ்சுக்காரன் முறை வந்தது. ஜோசியர் ராகம் போட்டுப் படித்தான்: "இந்த ஜாதகர் நடந்தால் சத்தம் கேட்காது. ஆனால் இவர் செய்த கொலுசின் சத்தம் கடல் தாண்டிக் கேட்கும். வெளிநாட்டு ராணி ஒருத்தி இவரிடம் ஆள் அனுப்புவாள். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று மூன்று வருடம் இழுத்தடிப்பார்." கொலுசு ஆர்டர் கொடுத்துக் காத்திருந்த அனுபவம் சேலத்தில் எந்த வீட்டில் இல்லை? வாத்தியார்கள்தான் முதலில் சிரித்தார்கள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தோம்.

தமிழம்மா:

நான் 2009-ல் ஓய்வு பெற்றேன். என் கடைசி வருடத்துப் பிள்ளைகள் செய்ததைச் சொல்கிறேன்.

கடைசி பெஞ்சில் நாலு பேர். ஒருவனுடைய அப்பா பத்திர எழுத்தர். விழா மேடையில் பச்சைக் காகிதத்தை விரித்து, பத்திரம் படிக்கும் அதே ஒரே மூச்சுக் குரலில் படிக்க ஆரம்பித்தார்கள். "நாங்கள் நால்வரும் எங்கள் சுயநினைவோடும் மனப்பூர்வமாகவும் யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதி வைத்த உயில் சாசனம் என்னவென்றால்..." அடுத்து சொத்து விவரம். "கிழக்கே ஜன்னல், மேற்கே துடைப்பம் வைக்கும் மூலை, வடக்கே சுவர், தெற்கே முன் பெஞ்சுக்காரர்களின் முதுகு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட ஆறடி நீள மர பெஞ்சு ஒன்றும், அதில் காம்பஸால் செதுக்கிய பெயர்கள் பதினேழும் பதினோராம் வகுப்புத் தம்பிகளுக்குப் பாத்தியமாகிறது. மேற்படி சொத்தின் மேல் எந்த வில்லங்கமும் இல்லை. இடது ஓரத்தில் ஒரு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்து உட்கார்ந்து, சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் என் பெயர் வந்தது. "எங்கள் தமிழம்மாவுக்கு, இரண்டு வருடமாக நாங்கள் கட்டுரையில் விட்டுவிட்ட ஒற்றெழுத்துகள் அனைத்தையும் வட்டியோடு திருப்பிச் செலுத்துகிறோம்." தாளைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கம் முழுக்க க் ச் த் ப், க் ச் த் ப், க் ச் த் ப். மேலிருந்து கீழ்வரை வரி வரியாக. இரண்டு வருடமாகச் சிவப்பு மையில் நான் சுழித்துச் சுழித்துக் காட்டியதை இந்தப் பிள்ளைகள் கவனிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் இளைய வகுப்புக்கு விளையாட்டாக உயில் எழுதுவதும், யார் என்ன ஆவார்கள் என்று ஆரூடம் எழுதிப் பள்ளி மலரில் போடுவதும் பழைய வழக்கம் என்று பின்னால் படித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் கற்றுக்கொண்டது சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில். அந்தத் தாள் என் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

மலைக்காரி:

அம்மா, அந்த க் ச் த் ப் தாளைப் படம் எடுத்துப் போடுங்களேன்!

எனக்கு ஏற்காடு. அப்பா அம்மா இருவரும் காப்பித் தோட்டத்தில் வேலை. படிப்பு கீழே சேலத்தில், ஹாஸ்டலில் தங்கி. வெள்ளிக்கிழமை மேலே போய் ஞாயிறு இறங்குவேன். ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது அதே 20. ஐந்தாவது வளைவுக்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏறியதே இல்லை.

ஸ்லாம் புக்கில் 'எதிர்காலத்தில் நான் என்ன ஆவேன்' என்ற பக்கத்தில் என் தோழி எழுதியது: "இவள் சேலம் கலெக்டர் ஆவாள். முதல் நாள் முதல் கையெழுத்து, ஏற்காடு ரோட்டில் உள்ள எல்லா வளைவையும் நிமிர்த்தி நேர் ரோடாகப் போடச் சொல்லி. மலை குறுக்கே நின்றால் மலையை மாற்றல் செய்வாள்."

எழுதியவளும் மலைக்காரிதான், என்னோடு அதே பஸ். இரண்டு வருடமும் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தவள். மார்ச்சில் ஒரு மழை விழுந்தால் காப்பி பூத்துவிடும், நாலைந்து நாள் தோட்டமே வெள்ளையாக, மல்லிகை மாதிரி வாசமாக இருக்கும். அந்த வருடம் பரீட்சைக்கு நடுவே ஊருக்குப் போனபோது ஒரு கொத்துப் பூவைப் பறித்து வந்து அந்தப் பக்கத்தில் வைத்தேன். இப்போது பழுப்பாகிவிட்டது, வாசம் இல்லை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வளைவுகள் இருபதும் அப்படியேதான் இருக்கின்றன, எலுமிச்சம்பழமும்தான்.

அம்மாப்பேட்டை அண்ணன்:

இங்கே யாரும் சொல்லாத மை தெளிக்கிற விஷயம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசிப் பரீட்சை அன்று சட்டையில் மை தெளிப்பது பெரிய சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வகுப்பில் பலர் வீட்டில் தறி. அந்த வெள்ளைச் சட்டை ஜூனில் தம்பிக்குப் போகும். அதனால் நாங்கள் பரீட்சை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம். என் அட்டையில் ஒருவன் எழுதியது: "2020-ல் இவன் நெய்யும் வேட்டி பறக்கும். கட்டியிருப்பவரும் கூடவே பறக்க வேண்டியதுதான்." தறி போட அளவு குறிக்கும்போது இன்றும் அதே அட்டையில்தான் தாளை வைத்து எழுதுகிறேன்.

2020 பேட்ச்:

எங்களுக்கு விழாவும் இல்லை, மையும் இல்லை. மார்ச் 24 காலையில் வேதியியல் பரீட்சை. அன்று மாலை ஆறு மணிக்குக் கொரோனாவுக்காகத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. வெளியே வந்ததும் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று விரட்டினார்கள். கேட்டில் நின்று, மே மாதம் மலர்க்காட்சிக்கு எல்லோரும் ஏற்காடு போகிறோம் என்று கத்திவிட்டுப் பிரிந்தோம். அந்த வருடம் மலர்க்காட்சியே நடக்கவில்லை.

ஒருத்திக்கு மட்டும் பஸ் கிடைக்காமல் அந்தப் பரீட்சை போய்விட்டது. ஜூலை 27-ல் மறுதேர்வு வைத்தார்கள். அதுவரை அவள் தனியாகப் படிக்க வேண்டுமே என்று வாட்ஸ்அப் குரூப்பில் தினம் ஒருவர் அவளுக்கு ஒரு ஜோசியம் வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தோம். "உனக்கு 2030-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஈ-பாஸ் கிடைக்காமல் அடிவாரத்திலேயே நிற்பார்" என்று நான் அனுப்பினேன். தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லாவற்றையும் மறுபடி கேட்டுவிட்டுத் தூங்கினேன் என்று அவள் சொன்னாள். எங்களுக்கு அதுதான் பிரிவு உபசாரம்.

மலைக்காரி:

குகைக்காரன் அண்ணா, அந்தக் கொலுசுப் பட்டறை அண்ணன் என்ன ஆனார்?

குகைக்காரன்:

கேட்பீர்கள் என்று தெரியும் தங்கச்சி.

நான் வேலைக்காக வெளியூர் போய்விட்டேன். சில வருடங்களுக்கு முன்னால் ஆடிப் பண்டிகைக்கு வந்தேன். எங்கள் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் மகளுக்குக் கொலுசு வாங்க செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர், இந்த மாதிரி வேலை வேண்டுமானால் பட்டறையிலேயே கேளுங்கள் என்று ஒரு சந்துப் பக்கம் கை காட்டினார். உள்ளே போனால் அவன். தலை நரைத்திருந்தது. கீழே உட்கார்ந்து பத்த வைத்துக்கொண்டிருந்தான். ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "ராணி இன்னும் ஆள் அனுப்பலை மாப்ள."

தராசுப் பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்பக்கம் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. கொலுசு கேட்டு அவசரப்படுத்துகிறவர்களுக்கு அதைக் காட்டுவானாம், ராணியே காத்திருக்கிறாள் என்று. அவர்களும் சிரித்துவிட்டு இன்னும் ஒரு வாரம் கொடுப்பார்களாம்.

"உன் சீட்டு எங்கே?" என்றான். வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது, என்ன எழுதியிருந்தது என்பதும் மறந்துவிட்டது என்றேன். என் சீட்டை மற்ற மூன்று பேர்தான் எழுதினார்கள். அவன் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஜோசியர் ராகத்திலேயே சொன்னான்: "இந்த ஜாதகர் ஊரை விட்டுப் போவார். போன இடத்தில் தட்டுவடை செட் கிடைக்காமல் திரும்பி வருவார்."

சொல்லிவிட்டு வாசலில் நின்ற பையனை அனுப்பி இரண்டு செட் வாங்கி வரச் சொன்னான். வந்ததும், முன்னால் விரித்திருந்த துணியில் கிடந்த வெள்ளித் தூள் சிந்திவிடாமல் நாலு மூலையையும் பிடித்து மடித்து ஓரமாக வைத்தான். அந்த இடத்தில் பொட்டலத்தைப் பிரித்தான்.