காய்ச்சலுக்குப் பின் தைராய்டு வலி: கார்பிமசோல் தேவையா?

மலர்விழி (கேள்வி):
என் தங்கைக்கு வயது 38. கொரோனா காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்துக் கழுத்தின் முன்புறம் ஒரு பக்கமாக வலி தொடங்கி, காதுவரை இழுத்தது. சுடிதாரின் கழுத்துப்பட்டி உரசினாலே வலிக்கிறது என்கிறாள். பல் மருத்துவரிடம் காட்டி, பல்லில் குறை இல்லை என்றான பிறகு படபடப்பும் கைநடுக்கமும் சேர்ந்துகொண்டன. பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.02 என மிகக் குறைவு, தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) மிகுதி, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 78 என உயர்வு. ஒரு மருத்துவர் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது ஆயுள் முழுவதும் தொடருமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடைக்கவில்லை.

செழியன், பொது மருத்துவர்:
நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. எனினும் வலி, உயர்ந்த இ.எஸ்.ஆர்., முன்னால் வந்த வைரஸ் காய்ச்சல் மூன்றும் சேரும்போது முதலில் நினைக்க வேண்டியது சப்-அக்யூட் தைராய்டிட்டிஸ், அதாவது வலியுடன் வரும் தைராய்டு அழற்சி. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி குவெர்வான் 1904-இல் விவரித்த நோய் இது. பொன்னுக்கு வீங்கிக்குப் பிறகும் வருவதுண்டு. கொரோனாவை அடுத்து இது வந்ததாக 2020-இல் இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள் எழுதினார்கள்.

தைராய்டு சுரப்பி சில வாரங்களுக்குத் தேவையான ஹார்மோனைத் தன் நுண்பைகளில் சேமித்து வைத்திருக்கிறது. அழற்சியில் அந்தப் பைகள் சிதையும்போது சேமிப்பு முழுவதும் இரத்தத்தில் கலப்பதால்தான் இந்தப் படபடப்பு. புதிதாக உற்பத்தியாவதைத் தடுக்கும் கார்பிமசோலால் இதில் பயன் இல்லை. தொட்டி உடைந்து நீர் வழியும்போது மோட்டாரை நிறுத்துவதைப் போன்றது அது. ஐயமிருந்தால், சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் டெக்னீசியம் ஸ்கேன் எடுக்கலாம்: தைராய்டு ஹார்மோனை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பி அந்த மருந்தை மிகுதியாக ஈர்க்கும், இதில் ஏறக்குறைய ஈர்க்கவே ஈர்க்காது. கர்ப்பமோ, தாய்ப்பால் கொடுப்பதோ இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வலிக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், அவற்றுக்கு அடங்காவிட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, படபடப்புக்கு புரோப்ரனோலால் என்பதே வழக்கமான சிகிச்சை. பிரெட்னிசோலோனை அவசரமாக நிறுத்தினால் வலி திரும்பிவிடும் என்பதால் படிப்படியாகவே குறைப்பார்கள். கார்பிமசோலை நீங்களாக நிறுத்தாமல், இந்த அறிக்கைகளுடன் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் விரைவில் காட்டுங்கள்.

தமிழரசி:
எனக்கும் இதே நோய் வந்தது. படபடப்பு நின்றதும் குணமாகிவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில் உடல் ஊதி, மலச்சிக்கலும் பகல் தூக்கமும் வாட்டின, டி.எஸ்.எச். இம்முறை மேலே ஏறியிருந்தது. காலியான சுரப்பி மீண்டும் நிரம்பும்வரை இப்படித் தைராய்டு ஹார்மோன் குறைந்த ஒரு தாழ்நிலை வரக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சில மாதங்கள் தைராக்சின் எடுத்தேன், பிறகு நிறுத்திப் பார்த்தபோது அளவு சரியாக இருந்தது. சிலருக்கு மட்டுமே அது நிரந்தரமாகத் தேவைப்படுகிறதாம். ஆகையால் 6 வாரத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பதை விட்டுவிடாதீர்கள்.

கண்ணன், ஆய்வகப் பணியாளர்:
முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுக்கிறாரா? சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் தைராக்சினைக் கூட்டியும் காட்டிவிடும். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்லுங்கள். உயர்ந்த இ.எஸ்.ஆரை மட்டும் பயோட்டினால் விளக்க முடியாது.

மலர்விழி:
பயோட்டின் எடுப்பதில்லை. ஆனால் அவளுக்குக் குளிர்காலத்தில் வீசிங் வருவதுண்டு.

செழியன், பொது மருத்துவர்:
அப்படியானால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு புரோப்ரனோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.