'புல்லிங் அவுட்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

முதல் மடல்

வணக்கம். இந்தியத் தரைப்படையில் தலைமை அதிகாரி ஒருவர் பொறுப்பைவிட்டுப் போகும்போது, பூ அலங்காரம் செய்த திறந்த ஜீப்பில் அவரை ஏற்றி, அதிகாரிகளும் ஜவான்களும் கயிறு கட்டி வாயில்வரை இழுத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. காலனிய மரபு என்று 2023-இல் தரைப்படை இதைக் கைவிட்டது. 'புல்லிங் அவுட்' என்பது இதுதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'படை விலக்கம்' ஆகி, களத்திலிருந்து பின்வாங்கியதாகப் பொருள்படும். 'இழுவை விடை' சரிவருமா?

மறுமொழி

'இழுவை' வேண்டாம் ஐயா. பழுதான வண்டியை இன்னொரு வண்டி இழுப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே வண்டி நன்றாகவே இருந்தது. எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்த பிறகே இழுத்தார்கள். ஓட்டுநர் மட்டும் இறங்கக் கூடாது. முன்பக்கம் கட்டிய இரண்டு வடங்களில் ஒன்றில் ஆள் பலம் கூடினால் வண்டி அந்தப் பக்கம் வாங்கும். இறக்கத்திலோ வடம் தொய்ந்து, வண்டி இழுப்பவர்களின் குதிகாலுக்கே வந்துவிடும். எஞ்சின் ஓடாததால் பவர் பிரேக்கின் துணையும் குறையும். பெடலை ஓங்கி மிதிக்க வேண்டும். அதனால் நடை வேகம்தான். இத்தனை பாடும், கைகள் இழுக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு நம்மிடம் 'வடம் பிடித்தல்' இருக்கிறதே! 'வடம்பிடி விடை' என்போம்.

மறுமொழி

அருமையான சொல். ஆனால் கடற்படையில், கப்பலின் தலைவரை அதிகாரிகளே துடுப்புப் போட்டுப் படகில் அனுப்பும் மரபும் உண்டு. அங்கே வடம் ஏது? கடற்படை ஆங்கிலத்தில் துடுப்புப் போடுவதும் 'புல்'தான். தமிழிலும் 'வலித்தல்' இரண்டுக்கும் பொருந்தும். வடத்தையும் வலிக்கலாம், துடுப்பையும் வலிக்கலாம். 'வலிவிடை'?

மறுமொழி

பொருத்தம் மனதைத் தொடுகிறது. ஆனாலும் இன்று 'வலி' என்றால் நோவுதான். அழைப்பிதழில் அச்சிட முடியாது. 'இழுவிடை' என்று வினைத்தொகையாக்கலாம், ஊறுகாய் போல. 'பிரியாவிடை' புழங்குவதால் 'விடை'யைப் பதில் என்று யாரும் மயங்க மாட்டார்கள்.

பொறுப்பு ஒப்படைப்பை இதோடு கலக்க வேண்டாம். கடற்படையில் அதிகாரிகள் கைக்கோல் (பேட்டன்) ஏந்தும் வழக்கம் 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பொறுப்பு மாறும்போது அலுவலகத்துக்குள் கைக்கோலை ஒப்படைப்பது மட்டும் நீடிக்கிறது. அது ஒப்படைப்பு, இது வழியனுப்பு.

கலைச்சொல் பட்டியலுக்கு:

இழுவிடை – விடைபெறும் தலைமை அதிகாரியை, அவர்கீழ்ப் பணியாற்றியவர்கள் வண்டியைக் கையால் இழுத்தோ படகுக்குத் துடுப்புப் போட்டோ வழியனுப்பும் மரபு. வகை: வடம்பிடி விடை (தரை), துடுப்பு விடை (கடல்).