கட்டிலிலிருந்து விழுந்ததால்தானா?

குழு: நெல்லைச் சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா, காலை 7.40
அருண், நேற்று வீடியோ காலில் பார்த்தேன். முகிலன் முகத்தையே பார்க்க மாட்டேன் என்கிறான். இரண்டு வயசு முடிந்து நாலு மாசம் ஆச்சு, "அம்மா" கூட வரவில்லை. ஒன்றே கால் வயசில் கட்டிலிலிருந்து விழுந்தானே, அன்றைக்குப் பிடித்த கோளாறுதான் இது. பிள்ளையைத் தனியாக விடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

மணி சித்தப்பா, 7.44
(பலமுறை பகிரப்பட்டது)
தலையில் அடிபட்டால் ஆட்டிசம் வரும்! பெற்றோர்களே உஷார்! உடனே 10 பேருக்கு அனுப்புங்கள்!

தேன்மொழி, 7.51
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண், 7.55
பெரியம்மா, தேன்மொழி, பால் பொங்குகிறது என்று அடுப்பை அணைக்கத்தான் போனாள். அதே அறையில் போன் பேசிக்கொண்டிருந்தது நான். சொல்வதென்றால் என்னைச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து அவள் சாப்பிடவே இல்லை.

பெரியம்மா, 7.58
நான் யாரையும் குற்றம் சொல்லவில்லைப்பா. நடந்ததைச் சொன்னேன். பயந்த கோளாறாகவும் இருக்கும். வேப்பிலை அடித்து மந்திரித்துவிட்டால் சரியாகும். அப்படியே தலைக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

கயல் அக்கா, 8.20
அம்மா, இப்போதுதான் பார்த்தேன். சித்தப்பா, அந்தப் பார்வர்டை முதலில் அழியுங்கள். தேனு, நீ சாப்பிடு. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். எவ்வளவு உயரம்? விழுந்ததும் அழுதானா? எந்த இடத்தில் அடி?

தேன்மொழி, 8.26
இரண்டடி இருக்கும் அண்ணி, தாழ்வான கட்டில்தான். உடனே வீறிட்டு அழுதான். நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீங்கியது. மயக்கம், வாந்தி எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் பால் குடித்துவிட்டு விளையாடினான்.

கயல் அக்கா, 8.37
சரி. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-இல் ஒரு வழிமுறை வகுத்தார்கள். தலையில் அடிபட்டு வரும் குழந்தைக்கு ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய அவசரப் பிரிவுகளில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தானா, நினைவு தப்பியதா, மண்டையோட்டில் முறிவு தட்டுப்படுகிறதா, நெற்றி தவிர வேறு இடத்தில் வீக்கமா, வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறான் என்று அம்மாவுக்குத் தோன்றுகிறதா, இதெல்லாம்தான் கணக்கு. நெற்றிப் புடைப்பு அந்தப் பட்டியலிலேயே கிடையாது. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இது நடை பழகும் எல்லாப் பிள்ளையும் விழும் விழுகை.

சேது மாமா, 8.45
கயல், ஒரு சந்தேகம். மூளையில் அடிபட்டால் குணம் மாறும் என்பது பொய்யில்லையே? 1848-இல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்று ஒரு ரயில்பாதைத் தொழிலாளி. இரும்புக்கம்பி கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், குணம் மாறிவிட்டது. வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கயல் அக்கா, 8.58
பொய்யே இல்லை மாமா. நான் வேலை பார்க்கும் மறுவாழ்வுப் பிரிவில் இரண்டு விதப் பிள்ளைகளும் வருகிறார்கள். பிறவியிலேயே ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரு பக்கம், விபத்தில் தலைக்காயம் பட்டவர்கள் ஒரு பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் சில சமயம் வித்தியாசமே தெரியாது. சத்தம் தாங்காது, எதிரில் இருப்பவர் கோபமாக இருக்கிறாரா கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது, ஒரு வழக்கத்தை மாற்றினால் ரகளை. மோதலில் அதிகம் அடி வாங்குவது மூளையின் முன்பகுதியும் காதோரப் பொட்டுப் பக்கமும்தான். மனுஷர்களோடு பழகுவதற்கு வேண்டிய வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது.

ஆனால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அதற்கு முன்னால் பிள்ளை எப்படி இருந்தான்?

தேனு, முகிலனின் முதல் பிறந்தநாள் வீடியோ இருக்கிறதா? அவன் விழுவதற்கு மூன்று மாதம் முந்தியது.

அருண், 9.05
(வீடியோ, 4.12 நிமிடம்)

கயல் அக்கா, 9.31
பார்த்தேன். 1.10-இல் இருந்து பாருங்கள். சித்தி, பெரியம்மா, எதிர்வீட்டுக்காரர் என்று எல்லாரும் மாற்றி மாற்றி "முகில், முகில்" என்கிறீர்கள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கேக்கைப் பார்க்கிறான், மெழுகுவர்த்தியைப் பார்க்கிறான், தூக்கி வைத்திருக்கும் தேனுவின் முகத்தைப் பார்க்கவில்லை. 2.40-இல் எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுற்றிவிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து அது நிற்கும்வரை பார்க்கிறான். நின்றதும் மறுபடி சுற்றுகிறான். பக்கத்தில் பலூன் வெடிக்கிறது, திரும்பவே இல்லை.

1994-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதையேதான் செய்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று தெரிந்த பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை மற்றப் பிள்ளைகளின் வீடியோக்களோடு வைத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது, விரலால் சுட்டிக்காட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது எல்லாம் அவர்களிடம் அப்போதே குறைவாக இருந்தது.

இந்த வீடியோவை வைத்து அவனுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை, காதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கட்டிலைக் குற்றம் சொல்ல முடியாது. இதெல்லாம் விழுவதற்கு முன்னாலேயே இருக்கிறது.

ராணி சித்தி, 9.36
ஆமாம், அன்றைக்கு நானே சொன்னேன், "பிள்ளை ரொம்ப சமர்த்து, யாரையும் தொந்தரவு செய்யவில்லை" என்று.

பெரியம்மா, 9.40
என் தோழி பேரன் பத்து வார்த்தை பேசிக்கொண்டிருந்தானாமே. படியில் உருண்டான், அப்புறம் பேச்சே நின்றுவிட்டதாம். அதற்கு என்ன சொல்கிறாய்?

கயல் அக்கா, 9.52
ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒன்றே கால் வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் கற்ற சொற்களை இழப்பதுண்டு அம்மா. அதே வயதில்தான் பிள்ளை நடக்கிறது, ஏறுகிறது, விழுகிறது, தடுப்பூசி போடுகிறது. எது நினைவில் நிற்கிறதோ அதன்மேல் பழி. 1998-இல் லண்டனில் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் தட்டம்மைக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிமேல் பழி போட்டாரே, அதுவும் இந்தக் கதைதான். 2010-இல் அந்தக் கட்டுரையையே பத்திரிகை திரும்பப் பெற்றது.

பேச்சு நின்றால் காரணம் தேட வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. வலிப்பால் வரும் லாண்டாவ்-கிளெஃப்னர் என்ற நோயிலும் பேசிய பிள்ளை பேச்சை இழக்கும். அதற்கு மூளையின் மின்னலைகளைத் தூங்கும்போது பதிவு செய்யும் இஇஜி வேண்டும். படிக்கட்டை அளந்து பயனில்லை.

சேது மாமா, 10.04
அப்படியானால் மூளைக்காயத்தால் ஆட்டிசம் வரவே வராது என்று எழுதிக்கொள்ளலாமா?

கயல் அக்கா, 10.21
அப்படி ஒரேயடியாகவும் எழுத முடியாது மாமா. குறைமாதத்தில் பிறந்து சிறுமூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட பிள்ளைகளிடம் பின்னாளில் ஆட்டிச அறிகுறிகள் கூடுதலாக இருப்பதை பாஸ்டனில் 2007-இல் கண்டார்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு 14 வயதில் ஆட்டிசம் போலவே ஆகிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1986-இல் கில்பெர்க் என்ற சுவீடன் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஆக, மூளை கட்டப்படும் பருவத்தில் பெரிய சேதம் நடந்தால் கோடு கொஞ்சம் அழியத்தான் செய்கிறது. நெற்றிப் புடைப்பு அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று. தலைக்காயம் பட்ட பிள்ளைகளிடம் ஆட்டிசமோ அதிவேகச் சுறுசுறுப்போ அதிகம் என்று யாராவது எண்ணிக்கை காட்டினால், எது முந்தி என்று கேளுங்கள். ஆபத்து தெரியாமல் மாடிச் சுவரில் ஏறும் பிள்ளைதான் அதிகம் விழும்.

பெரியம்மா, 10.24
பின்னே எதனால்தான் வருகிறது?

கயல் அக்கா, 10.33
பெரும்பங்கு மரபணு. டென்மார்க், ஃபின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா என்று ஐந்து இடங்களில் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்து 2019-இல் சுமார் 80 சதவீதம் என்றார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

மணி சித்தப்பா, 10.35
அப்போ எந்தப் பக்கத்து வம்சம்? எங்கள் பக்கம் எல்லாரும் ஜோராகப் பேசுவோம்.

சேது மாமா, 10.36
உன் அப்பா பஸ் டிக்கெட்டை எல்லாம் நம்பர் வாரியாக அடுக்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாரே, மறந்துவிட்டாயா?

கயல் அக்கா, 10.38
இதற்குத்தான் பயந்தேன். தேனு தலையில் இருந்த பழியை இறக்கித் தாத்தா தலையில் ஏற்ற வேண்டாம். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை, சிலது அந்தப் பிள்ளையிடமே புதிதாக மாறியிருக்கும். 1943-இல் லியோ கானர் முதன்முதலில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே பிறவியிலேயே வருவது என்றுதான் முடித்தார். அதற்குப் பிறகும் இருபது வருஷம் அம்மாவுக்குப் பாசம் போதவில்லை என்று அமெரிக்காவில் திட்டித் தீர்த்தார்கள்.

ராணி சித்தி, 11.15
கயல், நான் ஒன்று கேட்கலாமா? எங்கள் விக்கியைப் பற்றி.

மணி சித்தப்பா, 11.16
ராணி, அதெல்லாம் குழுவில் எதற்கு?

ராணி சித்தி, 11.29
எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எட்டு வயதில் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனான். ஹெல்மெட் இல்லை. வேகத்தடையில் தூக்கி எறிந்து ஐசியூவில் கிடந்தான். வீட்டுக்கு வந்தபோது நடந்தான், பேசினான், பழைய மார்க்கே வாங்கினான். சாமி காப்பாற்றிவிட்டது என்று மொட்டையும் போட்டோம். ஏழாம் வகுப்புக்கு மேல்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் வந்தால் பையைப் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுவான். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். நண்பர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போய்விட்டார்கள். போன மாசம் துஷ்டி வீட்டில் அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் போய் "சாப்பாடு எப்போது போடுவீர்கள்" என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விபத்துக்கு முன்னால் அவன் அப்படி இல்லை. தங்கச்சிக்குப் பங்கு எடுத்து வைக்காமல் ஒரு முறுக்கு தின்ன மாட்டான். இப்போது பள்ளியில் ஆட்டிசமாக இருக்கலாம், பாருங்கள் என்கிறார்கள்.

மணி சித்தப்பா, 11.31
வயசுக் கோளாறு. திமிர். இரண்டு போட்டால் சரியாகும்.

கயல் அக்கா, 11.50
சித்தப்பா, மரியாதையோடுதான் சொல்கிறேன், போட்டால் சரியாகாது.

சித்தி, எட்டு வயதுவரை எல்லாருடனும் கலகலப்பாக இருந்து, பிறகு மாறியவனை ஆட்டிசம் என்று எளிதில் சொல்ல மாட்டார்கள். அதற்குச் சின்ன வயதிலேயே அறிகுறி இருந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் சாயங்கால அசதி, சத்தம் தாங்காதது, இடம்பொருள் தெரியாமல் கேட்பது எல்லாம் தலைக்காயத்துக்குப் பிறகு நான் நிறையப் பார்ப்பவை.

ஏன் இத்தனை வருஷம் கழித்து என்று கேட்பீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா நேரம் சொல்கிறாள், டீச்சர் வேலை சொல்கிறார். பதின்மூன்றில் அவனே திட்டமிட வேண்டும், அடக்கிக்கொள்ள வேண்டும், நண்பனின் குறிப்பைப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கான இடத்தில் அடிபட்டிருந்தால் வேலை வரும்போதுதானே தெரியும்.

ஐயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 1999-இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 15 மாதக் குழந்தையாக இருந்தபோது வண்டி ஏறியது. சில நாளில் தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். மூன்று வயதில்தான் கண்டிப்பு எதற்கும் மசியவில்லை என்று பெற்றோர் கவனித்தார்கள். இருபது வயதில் அறிவுத்திறன் சரியாகவே இருந்தது, ஆனால் சரி தப்பு உறைக்கவில்லை. முன்மூளையில் காயம். அவளுக்கும் ஆட்டிசம் இல்லை. வீட்டிலோ அடங்காப்பிடாரி என்று பெயர் எடுத்திருப்பாள்.

ராணி சித்தி, 11.54
இப்போது என்ன செய்யலாம்?

கயல் அக்கா, 12.06
டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன் படம், விபத்துக்கு முந்தின ரிப்போர்ட் கார்டு மூன்றையும் எடுத்துவையுங்கள். நினைவு, கவனம், திட்டமிடல் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் நரம்பு உளவியல் மதிப்பீடு செய்ய வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள், இங்கேயும் யார் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை சாயங்கால டியூஷனை நிறுத்துங்கள். மண்டபத்துக்குப் போனால் ஓரத்தில் உட்காரட்டும். பள்ளியில் ஆட்டிசம் என்றால் சண்டைக்குப் போகாதீர்கள், விபத்தைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரியுமா?

ராணி சித்தி, 12.08
தெரியாது. இவர் சொல்லக் கூடாது என்றார்.

மணி சித்தப்பா, 12.20
சம்மரி பீரோ மேல்தட்டில் இருக்கிறது. எடுத்து வைக்கிறேன்.

அருண், 12.24
அக்கா, முகிலனுக்கு?

கயல் அக்கா, 12.40
முதலில் காது. அப்புறம் குழந்தை வளர்ச்சி மருத்துவர். அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காசு வாங்க மாட்டார்கள். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 20 கேள்வி, அங்கேயே கேட்பார்கள். முடிவு தெரியட்டும் என்று காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

ஸ்கேன் வேண்டாம். ஆட்டிசம் ஸ்கேனில் தெரியாது, எம்ஆர்ஐ என்றால் அவனுக்கு மயக்க மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கும். வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் சரியாக இயங்காவிட்டாலோ டாக்டரே எடுக்கச் சொல்வார். வண்டியில் கூட்டிப் போவதாக இருந்தால் அவனுக்கும் ஹெல்மெட். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கி 2022-இலேயே விதி வந்துவிட்டது, கூடவே பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது.

பெரியம்மா, 12.47
மந்திரிக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டுமே கயல்.

கயல் அக்கா, 12.49
கயிறு கட்டுங்கள் அம்மா, வேப்பிலையும் அடியுங்கள். வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

பெரியம்மா, 12.58
தேனு, சாப்பிட்டாயா? எனக்கு எழுதத் தெரியவில்லை, போன் பண்ணுகிறேன், எடு.

தேன்மொழி, 1.35
பேசினோம் அத்தை. சாப்பிட்டேன்.
அண்ணி, காது டெஸ்டுக்கு அவன் தூங்க வேண்டுமாமே? பகலில் தூங்கவே மாட்டான்.

கயல் அக்கா, 1.41
முந்தின ராத்திரி லேட்டாகப் படுக்க வை, விடியற்காலை எழுப்பிவிடு. வழியில் தூங்கவிடாதே. அங்கே போய்ப் பால் கொடுத்தால் தூங்கிவிடுவான்.

அருண், 1.43
செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா, 1.44
செவ்வாய் வேண்டாம்ப்பா, புதன் போங்கள்.

கயல் அக்கா, 1.46
புதனும் சரிதான். எட்டு மணிக்கே போய் டோக்கன் போட்டுவிடு.