பழைய பைபர் படகில் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கி கசிகிறது: பூசுவதா, மாற்றுவதா?

அளம்பில் கரை:
எங்களிடம் 19 அடிப் பழைய பைபர் படகொன்று இருக்கிறது, 25 குதிரைவலு மண்ணெண்ணெய் இஞ்சின். முதல் வைத்திருந்தவர் கடையார்ப் பக்க (படகின் பின்பக்க) இருக்கைக்குக் கீழே பைபராலேயே ஒரு தாங்கி கட்டி மூடிவிட்டார், 60 லீற்றர் கிட்டப் பிடிக்கும். இப்போது எங்கேயோ கசிகிறது. படகுக்குள் தேங்குகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, மீன் மணக்கிறது என்று வாடியில் (மீன் வாங்குகிற கொட்டிலில்) விலையைக் குறைக்கிறார்கள். பில்டரைத் திறந்தால் தேன் நிறத்தில் பசை. கொஞ்சத் தூரம் ஓடியதும் இஞ்சின் இழுத்து இழுத்து நின்றுபோகிறது, குழாயில் இருக்கிற ரப்பர் பம்பை நாலு தரம் அமுக்கினால் திரும்ப ஓடுகிறது. வாடைக்காற்றுத் தொடங்க முதல் சரிபண்ண வேண்டும். உள்ளே ரெசின் பூசலாமா, அலுமினியத்தில் புதிதாக அடிக்கலாமா, இல்லையென்றால் கழற்றித் தூக்கக்கூடிய 25 லீற்றர் ராங்குகளே (தாங்கிகளே) போதுமா?

முல்லை இஞ்சின் வேலை:
தம்பி, பூசுகிற யோசனையை விட்டுவிடுங்கள். எண்ணெய் ஊறிய பைபரில் புது ரெசின் பிடிக்காது. எவ்வளவு கழுவினாலும் தேய்த்தாலும் மேலே ஒட்டினமாதிரித்தான் நிற்கும், பிறகு அலை அடிக்க அடிக்கத் தகடாகக் கழன்று அதுவும் காபுரேற்றர் பக்கம்தான் போகும்.

எதையும் வெட்ட முதல் ஒரு வேலை செய்யுங்கள். ஆரிடமாவது 25 லீற்றர் ராங்கொன்றைக் குழாயோடு இரவல் வாங்கி, நேரே இஞ்சினில் கொழுவி, கரையோரமாக ஓடிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் இஞ்சினில் பிழையில்லை, உங்கள் தாங்கியின் காற்றுத் துளை அடைத்திருக்கும், அல்லது உள்ளே உறிஞ்சுகிற குழாயின் வாயைப் பசை மூடியிருக்கும். காற்று உள்ளே போகாத தாங்கியில் எண்ணெய் குறையக் குறைய இஞ்சினின் பம்ப் எவ்வளவு இழுத்தும் வராது. நின்றுபோன உடனே தாங்கி மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள், சுர்ரென்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் விசயம்.

நாச்சிக்குடா:
அண்ணை சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கம் இரணைதீவைத் தாண்டிப் போகிறவனுக்கு ஒரு 25 லீற்றர் எந்த மூலைக்கு? ஆடுகிற படகில் புனலை வைத்துக் கானால் ஊற்றினால் பாதி கடலுக்குப் போகும், மற்றப் பாதியோடு உப்புத்தண்ணீரும் உள்ளே போகும். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறினதை மறக்க முடியுமா, அதற்குப் பிறகு சிந்துகிற ஒவ்வொரு சொட்டும் வயிற்றைக் கலக்கும். நானென்றால் அலுமினியத்தில் பெரிதாக ஒன்று அடிப்பேன்.

முள்ளியவளை, இப்போது ரொறன்ரோ:
இங்கே படகுகளில் தாங்கி மாற்றுகிற வேலைதான் செய்கிறேன். கழற்றி எடுக்கிற அலுமினியத் தாங்கிகள் மேலே பளபளவென்று இருக்கும், திருப்பினால் அடியில் வெள்ளைத் தூள், அதைச் சுரண்டினால் ஊசித் துளை. ஈரம் பிடிக்கிற ஸ்பொஞ்சிலோ பலகையிலோ இறுக்கி வைத்ததால் உப்புத்தண்ணீர் காயாமல் கிடந்து தின்ற வேலை அது. அடிப்பதென்றால் கடல் வேலைக்கு எடுக்கிற 5052 வகை அலுமினியத் தகட்டில் அடியுங்கள், உள்ளே எண்ணெய் அலம்பாமல் தடுப்புத் தகடு வேண்டும், அடியில் தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டி ஒட்டிச் சுற்றிவரக் காற்றோட்டம் விடுங்கள், பித்தளை இணைப்பை நேரே அலுமினியத்தில் முடுக்காதீர்கள். கசிவு பார்ப்பதற்கு 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். ரயர் கடைக் கொம்பிரசரைக் கொழுவினால் தாங்கி வீங்கி வெடித்துவிடும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்ய ஆள் இருந்தால் அடியுங்கள். 19 அடித் திறந்த படகுக்கு நான் கழற்றித் தூக்கக்கூடிய ராங்குகளைத்தான் சொல்லுவேன், கசிந்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும்.

அளம்பில் கரை:
நன்றி அண்ணைமார். இரவல் ராங்கில் நல்லாய் ஓடுகிறது, அதனால் 25 லீற்றர் இரண்டு வைக்கப்போகிறேன். பழையதைக் கிரைண்டர் போட்டு அடியோடு வெட்டி எடுக்கலாமா?

முல்லை இஞ்சின் வேலை:
அடியோடு வேண்டாம். அந்த இருக்கைப் பெட்டிதான் படகின் இரண்டு பக்கத்தையும் விரியாமல் பிடித்து வைத்திருக்கிறது. மேல் தகட்டை மட்டும் திறந்து, கழுவிக் காயவிட்டு, பக்கச் சுவரை அப்படியே விடுங்கள். வெட்ட முதல் எண்ணெயை இறக்கி, வாய்மட்டும் தண்ணீர் நிரப்புங்கள். கிரைண்டர் தொடவே வேண்டாம், கைவாளால் வெட்டுங்கள். முதல் வைத்திருந்தவர் அதற்குள் பெற்றோல் விட்டாரோ என்னவோ, வெறும் தாங்கியில் நிற்கிற ஆவி பற்ற ஒரு பொறி போதும்.

புது ராங்குகளை நடுப்படகில் தாழ்வாக வைத்துப் பட்டியால் கட்டுங்கள், இரண்டும் நிறைந்தால் எண்ணெய் மட்டும் 40 கிலோ வரும், கடையாரில் வைத்தால் அணியம் (முன்பக்கம்) தூக்கும். ஒன்று முடிந்தால் குழாயைக் கழற்றி மற்றதில் கொழுவுங்கள், கடலில் ஊற்றுகிற வேலையே இருக்காது. இந்த இஞ்சினைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணிப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, அந்தப் பெற்றோலுக்குத் தனியாகச் சின்ன ராங், நடுவில் இரண்டையும் மாற்றிவிட மூன்று வழித் திறப்பு. கரைக்கு வர முதல் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிற்பாட்டுங்கள், காபுரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றால் விடியப்புறம் கயிறு இழுத்தே களைத்துப்போவீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், கீழேதான் இறங்கி நிற்கும், அதனால் அந்தச் சின்ன ராங்கை அணியத்து மூடிய அறைக்குள் வைக்காதீர்கள், நிரப்பும்போது படகிலிருந்து இறக்கி மணலில் வைத்து நிரப்புங்கள்.

குழாயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் விடுகிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் எண்ணெயில் விறைத்துக் கிளிப் பூட்டின இடத்தில் வெடிக்கும். எண்ணெய்க்கென்று வருகிற கறுப்புக் குழாயும் துருப்பிடிக்காத கிளிப்பும் வாங்குங்கள், ரப்பர் பம்பில் உள்ள அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்.