இறம்பொடை ஏற்றத்தில் கால் விரல் மரத்துப்போகுது: சப்பாத்து ஒரு சைஸ் கூட்டலாமா?

லிந்துலை_சைக்கிள்

வணக்கம். மூன்று ஆணி ரோட் சைக்கிள் சப்பாத்து, நைலோன் அடி, சைஸ் 42. ஒன்லைனில் எடுத்தது, போட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. நுவரெலியாவுக்குக் கம்பளையில் தொடங்கினால் புசல்லாவை வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இறம்பொடை தாண்டி லபுக்கலைப் பக்கம் வளைவுகள் வந்ததும் விரலடி மேட்டில் நெருப்பு வச்ச மாதிரி எரிவு. பிறகு சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போகுது. சப்பாத்தைக் கழற்றினால் அஞ்சு நிமிஷத்தில் சரி. வலது முழங்காலின் வெளிப்பக்கமும் கொஞ்சம் நோகுது.

இடது கால் 26.0 செ.மீ., வலது 26.4. பூட்டித் தந்தவங்க கிளீட்டை (சப்பாத்தடியில் பெடலோடு பூட்டும் கட்டை) முழுக்க முன்னுக்குத் தள்ளி வச்சிருக்காங்க. முன் பல்சக்கரம் 34, பின்னால பெரியது 28. அந்த ஏற்றத்தில் மணிக்கு 9 கி.மீ. தான். 43 எடுக்கவா, இல்ல கார்பன் அடிக்குப் போகவா?

மூடுபனி_1868

43 எடுக்காதீங்க. ஐரோப்பிய சைஸ் ஒன்று கூடினால் நீளம் 6.67 மி.மீ. கூடும். அடிப்பக்க அகலம் கூடுவது அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். உங்களுக்கு வேண்டியது அகலம், கிடைக்கப்போவது நீளம். ஷிமானோ அட்டவணையில் 42 என்பது 26.5 செ.மீ. காலுக்கு. உங்கள் வலது கால் அதற்குள் வந்துவிடுகிறது. நீளம் கூடிய சப்பாத்தில் குதிகால் மேலே எழும்பும், அதை அடக்க வாரை இறுக்குவீங்க, இறுக்கின இடத்தில் திரும்பவும் மரக்கும்.

முதலில் ஒரு சோதனை. பின்னேரத்தில் செய்யுங்க, கால் அப்போதுதான் வீங்கி முழு அளவில் இருக்கும். இன்சோலை (சப்பாத்துக்குள் கிடக்கும் உள்ளடி) வெளியே எடுத்துத் தரையில் வச்சு, சைக்கிளுக்குப் போடும் சொக்ஸோடு அதன் மேல் ஏறி நில்லுங்க. உட்கார்ந்து பார்த்தால் பிழையான விடைதான் வரும். பெருவிரலுக்கு முன்னால் 5 முதல் 8 மி.மீ. மிச்சம் இருந்தால் நீளம் சரி. பிறகு சுண்டுவிரல் பக்கத்தைப் பாருங்க. கால் சதை இன்சோலுக்கு வெளியே 2 மி.மீ. பிதுங்கினால் பொறுக்கலாம், மேற்பகுதித் துணி அவ்வளவுக்கு இடம் விடும். 4, 5 மி.மீ. என்றால் அந்தச் சப்பாத்தின் அச்சு, அதாவது தைத்த வடிவம், உங்கள் காலுக்கு இல்லை. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் விரல் பக்கம் விரிந்துதான் இருக்கும். அதற்கு அதே சைஸில் 'வைட்' அச்சு எடுக்கணும். ஷிமானோ சில மொடல்களில் தனியாக விற்கிறது, லேக் கம்பனியில் அகலத் தெரிவுகள் இன்னும் கூட. சிடி கம்பனியின் சப்பாத்து பொதுவாக ஒடுக்கம்.

இனி அந்த ஏற்றம். 34க்கு 28 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் 2.55 மீட்டர். 9 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு 59 சுற்றுத்தான் வரும். பின்னால 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 71 சுற்று, ஒவ்வொரு மிதியிலும் விழும் பாரம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கெசட் (பின் பல்சக்கரத் தொகுதி) மாற்றுமுன் பின் டிரெய்லியரின் (சங்கிலியைப் பல் மாற்றும் கருவி) கூண்டு 34 பல்லைத் தாங்குமா என்று பாருங்க. குட்டைக் கூண்டு பெரும்பாலும் தாங்காது. பாதி எரிவு சப்பாத்தில் இல்லை, கியரில்தான்.

நாலு_எம்எம்_சாவி

சப்பாத்தை மாற்றுமுன் கிளீட்டைப் பின்னுக்கு எடுங்க, அதற்குச் செலவில்லை. கிளீட் முன்னுக்கு இருந்தால் முழுப் பாரமும் விரலடி எலும்புகளின் நுனியில் விழும், அவற்றுக்கு இடையில் ஓடும் நரம்பு நசுங்கும். கெண்டைக்காலும் சும்மா வேலை செய்யும்.

சப்பாத்தைப் போட்டு வழக்கம்போல இறுக்குங்க. உள்பக்கத்தில் பெருவிரல் அடிமுட்டைத் தடவிப் பிடிச்சு வெளியே மாஸ்கிங் டேப்பில் ஒரு கோடு. வெளிப்பக்கம் சுண்டுவிரல் அடிமுட்டுக்கு இன்னொரு கோடு, அது கொஞ்சம் பின்னுக்கு விழும். இரண்டுக்கும் நடுவில் பெடல் அச்சு வரணும். கிளீட்டின் பக்கத்தில் அச்சைக் காட்டும் சிறு குறி இருக்கும், அதை அங்கே கொண்டுவாங்க. கழற்றுமுன் பழைய இடத்தைச் சுற்றிக் கரெக்ஷன் பேனாவால் வரைஞ்சு வையுங்க, கறுப்பு அடியில் மார்க்கர் தெரியாது. 5 மி.மீ. பின்னுக்குப் போனால் சீட்டை 2 மி.மீ. அளவு இறக்கிப் பாருங்க.

ஆணி 4 மி.மீ. அலன் கீ. மரையில் ஒரு துளி கிறீஸ். மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கிளீட் திரும்பிவிடும். கூட இறுக்கினால் சப்பாத்துக்குள் இருக்கும் நட்டுத் தகட்டின் மரை போகும், பிறகு அந்தச் சப்பாத்தே வீண்.

முழங்காலுக்கு: கிளீட்டின் நிறம் என்ன? ஷிமானோவில் சிவப்பு என்றால் பூட்டின கால் பக்கவாட்டில் திரும்ப அசைவே இல்லை, நீலம் 2 பாகை, மஞ்சள் 6. லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஒரே சிவப்பு, ஒரு கம்பனியில் பூட்டு, மற்றதில் ஆகக் கூடிய அசைவு. பார்த்து வாங்குங்க, ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலுக்குப் பூட்டவும் மாட்டாது. வெளிப்பக்க நோவுக்கு வழக்கமான காரணம் கால்விரல் நுனி தேவைக்கு அதிகமாக உள்நோக்கித் திரும்பி நிற்பது, அல்லது சீட் உயரம். மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிடுங்க. பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தக் கோணம்தான் கிளீட்டுக்கும்.

கொட்டகலை_கார்பன்

கார்பன் அடிக்குப் போங்க. நைலோன் அடி வளைஞ்சு கிளீட்டுக்கு மேலே குத்துது, எரிவுக்குக் காரணம் அதுதான்.

மூடுபனி_1868

பாதி சரி, அண்ணே. மெல்லிய நைலோன் அடி கிளீட்டைச் சுற்றி வளைந்தால் பாரம் ஒரே இடத்தில் குவியும் என்பது உண்மை. சப்பாத்தின் மூக்கையும் குதியையும் பிடிச்சுக் கையால் வளைச்சுப் பாருங்க, லேசாக வளைந்தால் அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே ஒடுக்கமான அச்சில் கார்பன் எடுத்தால் எரிவு கூடும், அது துளிகூட இடம் கொடுக்காது. நின்று வலித்து மிதிக்கும்போதும் ஸ்பிரிண்டிலும் கடின அடியின் பிடி தெரியும். உட்கார்ந்து 9 கி.மீ.யில் ஏறுகிறவருக்கு அதனால் கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காசுக்குக் கெசட்டும் நல்ல இன்சோலும் வரும்.

லிந்துலை_சைக்கிள்

பார்த்துட்டேன். முன்னால் 6 மி.மீ. இருக்கு. சுண்டுவிரல் பக்கம் இடது 3, வலது 5 மி.மீ. பிதுங்குது. கிளீட் ஷிமானோ சிவப்பு! வலது சப்பாத்தின் மூக்கு நல்லா உள்ளுக்குத் திரும்பியிருக்கு. சப்பாத்தை ஆவி காட்டி விரிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், செய்யலாமா? இன்னொண்ணு, நுவரெலியாவிலிருந்து ஹக்கலைப் பக்கம் இறங்கும்போதும் விரல் மரக்குது, அதுவும் இதே காரணமா?

நாலு_எம்எம்_சாவி

ஆவி தோலுக்குச் சரிவரும். செயற்கைத் துணிச் சப்பாத்து விரிஞ்சுகொடுக்காது, ஆவியில் அடியின் பசைதான் இளகும். மஞ்சள் கிளீட் போட்டு, மேலே சொன்னபடி பின்னுக்கு எடுத்து, கோணத்தைத் திருத்துங்க. ஒரு தடவைக்கு 3 மி.மீ. போதும். சீட்டை வேறொரு நாளைக்கு வையுங்க, ஒரே நாளில் எல்லாவற்றையும் தொட்டால் எது குணம் தந்தது என்று தெரியாது.

ஏற்றம் தொடங்குமுன் விரல் பக்கத்து வாரைத் தளர்த்திவிடுங்க, அது சப்பாத்தை மூடி வைக்க மட்டும்தான். பிடிப்பு மேல்வாரில் இருக்கணும். உள்ளே விரல்களை ஆட்ட முடியணும், குதி எழும்பக் கூடாது. இன்சோலில் மெத்தைப் பொட்டு ஒட்டுவதென்றால் எரியும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டாதீங்க. அதற்குக் கொஞ்சம் பின்னால், எலும்புகள் மேட்டிலிருந்து இறங்கும் இடத்தில். இதெல்லாம் செய்தும் வலது சுண்டுவிரல் மரத்தால், 42 வைட்.

தேயிலைக்_காடு

இறக்கத்தில் வருவது வேறு. ஏற்றத்தில் வந்து வாரைத் தளர்த்தியதும் போனால் நெருக்கம். இறக்கத்தில் காற்றோடு வந்து, நின்ற பிறகும் வெகுநேரம் போகாவிட்டால் குளிர். ஒடுக்கமான சப்பாத்தில் இரத்த ஓட்டம் குறைவதால் குளிரும் சீக்கிரம் பிடிக்கும். காற்றுத் துளைகளை உள்பக்கமாக டேப்பால் ஒட்டுங்க. அவசரத்துக்கு சொக்ஸுக்கு மேலே சொப்பிங் பேக்கைச் சுற்றிச் சப்பாத்தைப் போடலாம், பார்க்க அழகில்லை ஆனால் வெலிமடை வரை தாங்கும். தடித்த சொக்ஸ் வேண்டாம், இருக்கிற இடத்தையும் அது தின்றுவிடும்.

மழையில் நனைந்தால் அடுப்படியில் வைக்காதீங்க, அடி வாய் பிளக்கும். இன்சோலை எடுத்துவிட்டுப் பழைய பேப்பரைக் கசக்கித் திணிங்க, ஒரு மணித்தியாலத்தில் மாற்றுங்க, படுக்குமுன் இன்னொரு தடவை. ஈரத்தோடு அலுமாரியில் வைத்தால் இந்தக் குளிருக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

தோட்டத்து ரோட்டில் இறங்கி நடக்கிற ஆளென்றால் மூன்று ஆணிக் கிளீட் தேய்ந்தே சாகும். செம்மண் அப்பினால் பெடலில் பூட்டாது, ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுக்கணும். நிறுத்தும்போது எந்தக் காலை ஊன்றுறீங்களோ அந்தப் பக்கம் முதலில் தேயும். ஷிமானோ கிளீட்டின் ஓரத்து நிறக் கட்டைகள் தேய்ந்து அடி தெரிந்தால் இரண்டு காலுக்கும் சேர்த்து மாற்றுங்க. நடை கூட என்றால் இரண்டு ஆணி எஸ்.பி.டி. சப்பாத்து, கிளீட் அடிக்குள் பதிந்திருக்கும். அதற்கு பெடலும் மாற்ற வேண்டி வரும். இடது பெடல் மற்றப் பக்கமாகக் கழலும் என்பதை மறந்து கிராங்க் மரையைக் கெடுத்துடாதீங்க.